பார்பல் மீனும் ஆங்கிலேயர் தூண்டிலும்

ஐரோப்பிய ஆற்று மீன்களுள் 'பார்பல்' என்பது ஒன்று. இலத்தீன் மொழியில் 'பார்பா' என்றால் தாடி. வாயைச் சுற்றித் தொங்கும் நான்கு உணர்விழைகள் இப்பெயரை அதற்கு ஈட்டித் தந்தன. மீசையுள்ள மீன் என்றவுடன் தமிழருக்குக் கெளுத்தி நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் பார்பல் செதிலுடைய மீன்; கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலேசிய மலையாறுகளில் வாழும் கெலா மீனும் அக்குடும்பத்ததே. விரைந்தோடும் நீரின் அடியில், பரற்கற்களைத் துழாவி இரை தேடுவது பார்பலின் வழக்கம்.

இங்கிலாந்தில் இம்மீன் பரவியிருந்த விதம் நில வரலாற்றோடு பிணைந்தது. பனியூழி முடிந்த காலத்தில் பிரிட்டன் தனித் தீவாக இருக்கவில்லை. இன்றைய வடகடலின் தென்பகுதி நிலமாக இருந்தது. ஐரோப்பாப் பெருநிலத்து ஆறுகளோடு தொடர்பு கொண்டிருந்த கிழக்கு நோக்கிய ஆறுகளில் பார்பல் குடியேறிற்று. பின்னர்க் கடல் புகுந்து வழியை அடைத்துவிட்டது. தேம்ஸ், டிரெண்ட், யார்க்ஷயர் ஆறுகள் ஆகியவற்றில் பார்பல் இயற்கையாக இருந்ததும், மேற்கே பாயும் செவர்ன் ஆற்றில் இல்லாது போனதும் இக்காரணத்தாலேயே ஆம்.

பழங்காலத்தில் இம்மீனைப் பிடித்தவர் உண்ணவே பிடித்தனர். எலிசபெத் அரசியின் ஆட்சி முதலாண்டில் இயற்றப்பட்ட சட்டம் 12 அங்குலத்திற்குக் குறைந்த பார்பலைப் பிடிக்கலாகாது என்றது. குஞ்சு மீனைக் காக்கும் எண்ணம் அன்றே இருந்தது; ஆனால் அது நாளைய உணவுக்கான காப்பேயன்றி மீனிடம் கொண்ட பரிவன்று. 1496இல் அச்சான தூண்டில் நூலொன்று இம்மீனின் இறைச்சி உடலுக்குத் தீங்கு தரும் என எச்சரிக்கிறது. இதன் முட்டை உண்டவர்க்கு வாந்தியும் பேதியும் வருவது உண்மையே. 1653இல் வெளிவந்த தம் நூலில் ஐசக் வால்ட்டன் பார்பலுக்கெனத் தனி அதிகாரமே ஒதுக்கினார். பாலாடைக் கட்டியை ஈரத்துணியில் ஓரிரு நாள் சுற்றி வைத்து இறுகச் செய்து, அதனைத் தூண்டிலில் கோக்கும் முறையை அவர் விளக்குகிறார். சமையற் குறிப்பும் தூண்டிற் குறிப்பும் கலந்து கிடக்கும் சுவையான நூல் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேம்ஸ் ஆற்றில் பார்பல் பிடித்தல் பெரிய பொழுதுபோக்காயிற்று. தட்டையான அடிப்பாகமுடைய படகை ஆற்றின் குறுக்கே கழிகளில் கட்டி நிறுத்தி, ஆயிரக்கணக்கான மண்புழுக்களை நீரில் எறிந்து மீனை ஓரிடத்தில் சேர்ப்பர். தொழிற்சாலை நகரங்களின் உழைப்பாளரும் விடுமுறையில் ஆற்றங்கரை தேடிச் சென்றனர். பிடிப்போர் பெருகவே மீன் குறைந்தது. 1878இல் ஷெஃபீல்டு தொகுதி உறுப்பினர் முண்டெல்லா கொணர்ந்த நன்னீர் மீன்வளச் சட்டம் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடுவதைத் தடுத்தது. முட்டையிடும் பருவத்தில் மீனை விட்டுவைப்பதே அதன் நோக்கம். ஆசிரியர்கள் இப்பெயரை மறத்தலாகாது: இங்கிலாந்திலும் வேல்சிலும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்று 1880இல் சட்டம் செய்தவரும் இதே முண்டெல்லாதான்! ஏரி, குளங்கள் பெரும்பாலானவற்றுக்கு 1995இல் இத்தடை நீங்கிற்று. ஆறுகளுக்கு இன்றும் உண்டு.

இதற்கிடையே மனிதர் கையாலேயே பார்பல் புது நாடு கண்டது. 1896இல் தேம்ஸ் மீன்கள் டார்செட் மாவட்டத்து ஸ்டவர் ஆற்றில் விடப்பட்டன. அங்கிருந்து ஹாம்ப்ஷயர் ஏவன் ஆற்றுக்கும் அவை பரவின. 1956இல் 'ஆங்லிங் டைம்ஸ்' என்னும் தூண்டிற்காரர் வார இதழ் முன்னின்று, கென்னட் ஆற்றிலிருந்து 509 பார்பல்களைச் செவர்னுக்குக் கொண்டுசென்றது. இயற்கை அடைத்த கதவை ஒரு செய்தித்தாள் திறந்துவிட்டது. அவை பெருகி, செவர்ன் புகழ்பெற்ற பார்பல் ஆறாயிற்று. பிடிப்பவர்க்கு மகிழ்ச்சி, ஆனால் ஓர் ஆற்று உயிரை இன்னோர் ஆற்றில் விடும்போது, அங்கே முன்பிருந்த உயிர்கள் என்னாகும் என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. இன்று இங்கிலாந்தில் அரசு இசைவின்றி அவ்வாறு செய்தல் குற்றம். அக்கட்டுப்பாடு வேண்டியதே.

உண்ணும் வழக்கம் மறைந்து, பிடித்த மீனைத் திரும்ப விடும் வழக்கம் வேரூன்றிய பின்னர்தான் மீனைப் பேணும் முறை ஒரு கலையாயிற்று. பார்பல் தூண்டிலில் சிக்கினால் எளிதில் தோற்பதன்று. தன் வலுவெல்லாம் தீரும்வரை போராடும். போராட்டம் முடிந்து கரைக்கு வரும் மீன் களைத்து, மூச்சுத் தவித்து நிற்கும். அந்நிலையில் அதனை ஆற்றில் வீசியெறிந்தால் வயிறு மேலாகப் புரண்டு மாண்டுபோதல் கூடும். ஆகவே விவரம் அறிந்தோர் முதலில் அதைக் கைவலையோடு நீரிலேயே இளைப்பாற விடுவர். தூண்டில் முள்ளை எடுக்கும்போது நனைத்த மெத்தை விரிப்பில் கிடத்துவர், கையையும் நனைத்துக்கொள்வர். உலர்ந்த கை மீனின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். அப்படலமே அதற்கு நோய் தடுக்கும் போர்வை. எடை பார்ப்பதும் படம் எடுப்பதும் நொடிப்பொழுதில் முடியவேண்டும்.

பின்னர் இரு கைகளாலும் மீனைத் தாங்கி, தலை நீரோட்டத்தை எதிர்நோக்க நிறுத்துவர். ஓடும் நீர் வாய்வழி புகுந்து செவுள்வழி வெளியேற, அதன் மூச்சு சீராகும். வேனிற்காலத்தில் நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைந்துவிடும். அப்போது மீன் தேற நெடுநேரம் ஆகும். கோடையின் கடுவெப்ப நாள்களில் பார்பலுக்குத் தூண்டில் போடாமலே இருப்போரும் உளர்.

நீண்ட பை போன்ற வலையில் பிடித்த மீன்களை ஆற்றிலேயே அமிழ்த்தி வைத்துப் பின்னர் எடை பார்ப்பது போட்டிகளில் நெடுநாளைய வழக்கம். பார்பலின் முதுகுத் துடுப்பில் முன்னிற்கும் முள் வாள்போற் பல்லுடையது. வலைக்கண்ணில் அது மாட்டிக்கொண்டால் துடுப்புக் கிழியும். முடிச்சுள்ள வலைகள் இங்கிலாந்தில் இன்று தடைசெய்யப்பட்டவை. முடிச்சில்லா மென்வலையிலும் பார்பலை அடைத்து வைக்கலாகாது என்பது அம்மீனை விரும்பிப் பிடிப்போர் பலரின் கருத்து. போட்டி நடத்துவோர் எல்லாரும் அதற்கு உடன்பட்டாரில்லை.