கோழிக்கு இரண்டே இறக்கை: 'பஃபலோ வைல்ட் விங்ஸ்' வளர்ந்த கதை

கால்பந்து இரவுகளில் மாமாக் கடையில் பெரிய திரை, தே தாரிக், மீ கோரெங் என்று உட்கார்ந்து பழகிய நமக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. அமெரிக்காவில் இதற்கு 'ஸ்போர்ட்ஸ் பார்' என்று பெயர். தே தாரிக் இருக்கும் இடத்தில் பீர், மீ கோரெங் இருக்கும் இடத்தில் கோழி இறக்கை. இவ்வகைக் கடைகளில் அங்கே முன்னணியில் இருப்பது 'பஃபலோ வைல்ட் விங்ஸ்'. 1,200-க்கும் மேற்பட்ட கிளைகள் கொண்டது.

பெயரில் உள்ள பஃபலோ எருமை அல்ல, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். அங்குள்ள 'ஆங்கர் பார்' என்ற கடையில் 1964-இல் தெரெசா பெலிசிமோ என்ற பெண்மணி, சூப்புக்குப் போகவேண்டிய கோழி இறக்கைகளைப் பொரித்து, மிளகாய் சாஸிலும் வெண்ணெயிலும் புரட்டிக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அந்த ஊர்ச் சுவைக்குப் பழகிய ஜிம் டிஸ்ப்ரோ, ஸ்காட் லோரி என்ற இருவர் ஓஹாயோ மாநிலத்துக்கு வந்தபோது, அது அங்கே கிடைக்கவில்லை. 1982-இல் கொலம்பஸ் நகரில், பல்கலைக்கழகத்தின் அருகே தாங்களே கடை போட்டார்கள். அப்போது பெயரின் கடைசியில் 'வெக்' என்று இன்னொரு சொல்லும் இருந்தது. உப்பும் கருஞ்சீரகம் போன்ற ஒரு விதையும் தூவிய ரொட்டி அது. பிறகு அந்தச் சொல் பெயரிலிருந்து போய்விட்டது.

இறக்கையை இங்கே நெருப்பில் வாட்டுவதில்லை. எண்ணெயில் பொரித்து, பிறகு சாஸில் புரட்டுகிறார்கள். தேன் கலந்த பார்பிகியூ சாஸிலிருந்து கண்ணீர் வரவைக்கும் காரம் வரை இருபதுக்கும் அதிகமான வகைகள் உண்டு. மிகக் காரமான சாஸில் 12 இறக்கைகளை, தண்ணீர் குடிக்காமல், கை துடைக்காமல் ஆறு நிமிடத்தில் தின்று முடிக்கும் போட்டியும் நடத்தி வந்தார்கள். நம் சம்பாலில் வளர்ந்தவர்கள் தைரியமாக இறங்கலாம்!

ஆனால் இந்தக் கடையின் உண்மையான தலைவலி காரம் அல்ல, கொள்முதல். ஒரு கோழிக்கு இரண்டே இறக்கை. இறக்கைக்குக் கிராக்கி கூடியது என்பதற்காக யாரும் கூடுதலாகக் கோழி வளர்ப்பதில்லை. நெஞ்சுக்கறி விற்கும் அளவைப் பார்த்துத்தான் வளர்க்கிறார்கள். அதனால், அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் பௌல் நெருங்கும்போது விலை எகிறும். இன்னொரு சிக்கல்: கடை வாங்குவது எடைக்கணக்கில், விற்பது எண்ணிக்கைக் கணக்கில். கோழிகள் பெருக்கப் பெருக்க, ஒரே எடைக்குக் கிடைக்கும் இறக்கைகள் குறைந்தன. ஆகவே 2013-இல் 'இத்தனை இறக்கை' என்று விற்பதை விட்டு, சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு வைத்து விற்கத் தொடங்கியது. 2017-இல் விலை மறுபடி ஏறியபோது, செவ்வாய்க்கிழமைச் சலுகையை எலும்பில்லா இறக்கைக்கு மாற்றியது.

'எலும்பில்லா இறக்கை' என்பது உண்மையில் நெஞ்சுக்கறித் துண்டு. விலையும் அவ்வளவு ஆடாது. இறக்கையே இல்லாததை இறக்கை என்று விற்கலாமா என்று 2023-இல் வாடிக்கையாளர் ஒருவர் சிகாகோவில் வழக்குப் போட்டார். தங்கள் ஹம்பர்கரில் 'ஹாம்' எனும் பன்றி இறைச்சியும் இல்லையே என்று நிறுவனம் கிண்டலாகப் பதில் சொன்னது. கேட்கச் சிரிப்பு வந்தாலும், வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அடுத்த பெரிய செலவு, திரை. அங்கே கடைகளில் ஆட்டம் காட்டுவதற்கான ஒளிபரப்புக் கட்டணம், கடையில் எத்தனை பேர் அமரலாம் என்பதைப் பொறுத்து ஏறும். நம் நாட்டிலும் கடைக்கு வர்த்தகச் சந்தா தனி. வீட்டுச் சந்தாவைக் கடையில் போட்டு வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. உணவகம் திறக்க நினைப்போர் முதலிலேயே இதைக் கணக்கில் சேர்ப்பது நல்லது.

1996 முதல் நிறுவனத்தை நடத்திய சாலி ஸ்மித்தின் காலத்தில்தான் அது நூறு கடைகளைத் தாண்டியது, 2003-இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. 2017-இல் லாபம் குறைந்து, முதலீட்டாளர்களின் நெருக்கடி முற்றியதில் அவர் விலகும் முடிவை அறிவித்தார். மறு ஆண்டு 'ஆர்பிஸ்' குழுமம், கடனையும் சேர்த்து ஏறக்குறைய 290 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.