ஊமைத்துரையின் சைகை

சோவியத்திடம் இந்தியா குத்தகைக்கு எடுத்த அணு நீர்மூழ்கிக் கப்பல் ‘சக்ரா’ விளாடிவோஸ்டாக்கிலிருந்து கிளம்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1988 பிப்ரவரியில், கேப்டன் ஆர்.என். கணேஷ் தலைமையில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. மூன்றாண்டுக் குத்தகை. உள்ளே அணு உலை உண்டு. அணு ஆயுதம் கிடையாது.

சோவியத் செய்தது சட்டமீறலா? இல்லை. அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, அமைதிப் பணிக்குக் கொடுக்கும் அணுப்பொருளுக்குத்தான் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பைக் கேட்கிறது. போர்க்கப்பலை ஓட்டும் உலை அதற்குள் வராது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கும் முகமையின் மாதிரி உடன்படிக்கை, 14-ஆம் பத்தியில், கப்பல் எரிபொருளைக் கண்காணிப்பிலிருந்து விலக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் இன்று நிற்பது அந்த வாசலில்தான். கப்பலுக்கென்று எடுத்த யுரேனியம் குண்டுக்குப் போனால் யார் பார்ப்பது? அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 1967 ஜனவரி 1-க்கு முன் அணுகுண்டு வெடித்த ஐந்து நாடுகளுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதி என்ற ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட மறுத்தது அதைவிட நியாயமானது.

சரி, கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்குக் கட்டளை எப்படிப் போகும்? சாதாரண வானொலி அலையைக் கடல்நீர் விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் சில பத்து மீட்டர் இறங்கும். அதற்காக 1990-ல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் திறந்த கடற்படை நிலையத்தின் பெயர், ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

இந்தப் பெயரைக் கேட்டால் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சிலிர்க்கும். ஓட்டப்பிடாரம் தாண்டினால் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கும்பினியார், அவருடைய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து மண்ணோடு மண்ணாக்கினார்கள். அவரைக் காட்டிக்கொடுத்தவர்களை இந்த மண் இன்னும் மன்னிக்கவில்லை, நானும்தான்.

ஆனால் என் நாயகன் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறி, இடித்த கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார். வெறும் மண்சுவர்! மார்ச் கடைசியில் மோதிய கும்பினிப் படை அடிபட்டுத் திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்த பிறகு, மே 24-ல்தான் அவர்களால் உள்ளே நுழைய முடிந்தது.

எதிர்த்து நின்று போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே அவரை வியந்து எழுதியிருக்கிறார். பேச வராத ஊமைத்துரை இடது உள்ளங்கையில் சில துரும்புகளை வைப்பாராம். அவைதான் வெள்ளைக்காரப் படை. மறு கையால் ஒரே வீச்சில் ‘விஷ்’ என்று வாயால் ஒலியெழுப்பித் துடைத்தெறிவார். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கையசைவுக்குப் பாய்ந்தார்கள். மருது சகோதரர்களோடு சேர்ந்து கடைசிவரை போராடிய அவரையும் அதே ஆண்டு நவம்பரில், அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள்.

சொல்லில்லாமல் படை நடத்திய இவர் பெயரிலும் ஒரு கடற்படை நிலையம் வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்தியா கட்டிய அணு நீர்மூழ்கி ‘அரிஹந்த்’தின் உலைக்கு முன்னோடி கல்பாக்கத்தில் ஓடத் தொடங்கிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)