நித்தியகல்யாணியின் வரைபடம்



நான் வேதியியல் படித்தவனல்ல. இயந்திரங்களோடு பிழைப்பவன். ஆனாலும் நம்ம பக்கத்துச் செடி ஒன்றின் கதையை இம்மலரில் சொல்ல ஆசை.

சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மண்ணில் வறட்சியைத் தாங்கிப் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். கசப்பு அதிகம், ஆடு வாய் வைக்காது. "இதை எவன் வாங்குவான்?" என்று கேட்காதீர்கள்! தூத்துக்குடி, நெல்லை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இது பணப்பயிர். காய்ந்த இலையும் வேரும் மூட்டை மூட்டையாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன.

காரணம், 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் இந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின். நீரிழிவுக்கு மருந்து தேடப் போய், புற்றுநோய்க்கு மருந்து கண்டார்கள். இதன் சகோதர மருந்தான வின்கிறிஸ்டின், ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள்.

இவ்வளவு அரிதான சரக்கு செடிக்குள் எங்கே இருக்கிறது? இலையை அரைத்துச் சாறெடுத்தால் என்னென்ன இருக்கிறது என்று தெரியும். எங்கே இருந்தது என்பது சேர்ந்தே அரைபட்டுப் போகும். அரைக்காமல் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அதுதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், மூலக்கூறுகளை எடைபோடும் தராசு.

மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து ஓடவிட்டால் கனமானது பின்தங்கும், லேசானது முந்தும். அதை வைத்து எடையைக் கணக்கிடலாம். இது ஒரு வகை. 1913 வாக்கில் ஜே.ஜே. தாம்சன் நியானில் இரண்டு எடை இருப்பதைக் கண்டார். 1919இல் அவர் சீடர் ஆஸ்டன் இன்னும் நுட்பமான கருவி செய்தார். 1962இல் பிரான்சில் காஸ்டாங்கும் ஸ்லோட்சியானும் அயனிக் கற்றையால் பொருளின் மேற்பரப்பையே படமாக்கினார்கள். ஆனால் பெரிய மூலக்கூறுகள் அந்த அடி தாங்காமல் சிதறின.

அவற்றைச் சிதறாமல் லேசரால் கிளப்பும் வழியை 1980களில் கண்டவர்களில் ஒருவர் ஜப்பானின் கோயிச்சி தனாகா. ஷிமாட்சு கம்பெனி ஊழியர். படித்தது எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங், டாக்டர் பட்டம் கிடையாது. அவருக்கு 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு! ஜெர்மனியின் காராஸ், ஹில்லன்காம்ப் இருவரும் வளர்த்த லேசர் முறையைக் கொண்டு, 1997இல் அமெரிக்காவில் கேப்ரியோலி திசுக்களைப் படம் பிடித்துக் காட்டினார்.

முறை என்னவோ நம்ம புள்ளிக் கோலம்தான். புள்ளி புள்ளியாக நகர்ந்து ஒவ்வோர் இடத்திலும் எடைப் பட்டியல் எடுப்பது. பிறகு ஒரு குறிப்பிட்ட எடையுள்ள மூலக்கூறு இருக்கும் புள்ளிகளுக்கு மட்டும் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டுவது. வரைபடம் தயார்.

2004இல் கிரகாம் குக்ஸ் குழுவினர், வெற்றிடம் தேவையில்லாமல், மின்னூட்டிய கரைப்பான் துளிகளைத் தெளித்தே மூலக்கூறுகளைக் கிளப்பலாம் என்று காட்டினர். பெயர் டெசி. இதைக் கொண்டு 2013இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் எடுத்துக்கொண்ட மாதிரிச் செடி எது தெரியுமா? நம்ம நித்தியகல்யாணியேதான்! இலையையும் இதழையும் தட்டில் அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சைப் படமாக்கினார்கள். நரம்பு, இலை ஓரம், பூவின் நடுக்கண் எல்லாம் மூலக்கூறுகளாகவே தெரிந்தன. 2016இல் ஜப்பானியர் இதே செடியின் தண்டைப் படமாக்கினர். ஆல்கலாய்டுகளில் பெரும்பாலானவை இரண்டு வகைச் செல்களில் குவிந்திருப்பதைக் கண்டனர்.

இதனால் நமக்கென்ன? 2022இல் விஞ்ஞானிகள் வின்பிளாஸ்டினின் இரு தாய்ப் பொருள்களை ஈஸ்டிலேயே உண்டாக்கிவிட்டார்கள். செடி இல்லாமலே மருந்து வரும் நாள் தூரமில்லை. நம் விவசாயி விற்பதோ இலையின் எடையை. மருந்தின் எடை அவருக்குத் தெரியாது. எந்த ரகத்தில், எந்தப் பருவத்து இலையில் சத்து மிகுதி என்று தெரிந்தால் அவர் கை ஓங்கும். அதைக் காட்டும் தராசு இருக்கிறது. அதை மலிவாக, கிராமத்துக்கு ஏற்றதாகச் செய்து தருவது யார் வேலை?

தம்பி தங்கையரே, அது வேதியியல்காரர் வேலை மட்டுமல்ல. பம்பு, மின்சுற்று, புரோகிராம் தெரிந்த நம் வேலையும்தான். தனாகாவை நினைத்துக்கொள்ளுங்கள்.