தெருவே ஹீரோ! 'அங்காடித் தெரு' படத்தை இப்போ ஏன் பார்க்கணும்?

சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினா, விடியும்போது சென்னை. ப்ளஸ் டூ முடிச்ச கையோட ஜவுளிக்கடை வேலைக்குன்னு தென் மாவட்டங்கள்ல இருந்து இப்படி ரயிலேறினவங்க நிறைய பேர். அவங்க கதையைச் சொன்ன படம்தான் 2010 மார்ச்சில் வெளியான 'அங்காடித் தெரு'. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் இயக்க, ஜெயமோகன் வசனம் எழுதினார்.

என்ன கதை?

நல்லாப் படிக்கிற பையன் ஜோதிலிங்கம் (மகேஷ்). அப்பா இறந்துபோக, குடும்பத்துக்காக தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் சேர்கிறான். அங்கே கனியைச் (அஞ்சலி) சந்திக்கிறான். காதல் ஒரு பக்கம். நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை, மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு அடிதடி, ஒரே ஹாலில் வரிசையாகத் தூக்கம், சூப்பர்வைசரின் அடி உதை இன்னொரு பக்கம்.

யார் யார் வர்றாங்க?

படம் இவங்க ரெண்டு பேரோடு நிற்காது. யாரும் தொடத் தயங்கும் கழிப்பறையைக் கழுவிச் சுத்தமாக்கி, அதில் காசு வசூலித்துப் பிழைக்கிறார் ஒருவர். நடைபாதையில் கடை போட்டிருக்கிறார் கண் தெரியாத பெரியவர். உயரம் குறைந்த கணவரோடு வாழும் ஒரு பெண், ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும் கனியின் தங்கை... எல்லோருக்கும் தனித்தனிக் கதை. நமக்கு ஷாப்பிங் போற இடம். அவங்களுக்கு அதுதான் வீடு, உலகம் எல்லாமே. மாம்பலம் ஸ்டேஷனையும் உஸ்மான் சாலையையும் இணைக்கிற அந்தச் சின்னத் தெரு, இத்தனை பேரையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. க்ளைமாக்ஸைச் சொல்ல மாட்டோம், பார்த்துக்கோங்க!

இப்போ ஏன் பார்க்கணும்?

அந்தப் படத்தில் பார்த்த கால்வலிக்கு இன்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தரணும்னு அரசு கட்டாயமாக்கியது. கேரளா 2018-லேயே இதைக் கொண்டுவந்தது. சட்டம் வந்தாச்சு, ஸ்டூல் வந்ததா என்பதைக் கடைக்குப் போனால்தான் தெரியும்.

இதே ரூட்டில் இன்னும் மூணு

பல மனிதர்களின் கதைகள் பின்னிப் பிணையும் படங்கள் பிடிக்கும்னா, 'வானம்' (2011), 'மாநகரம்' (2017), 'சூப்பர் டீலக்ஸ்' (2019) லிஸ்ட்டில் சேர்த்துக்கோங்க.

அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போறப்போ, முப்பதாவது சேலையைப் பிரிச்சுக் காட்டச் சொல்றதுக்கு முன்னாடி, எதிரில் நிற்கும் அக்காவுக்கு உட்கார ஒரு ஸ்டூல் இருக்கான்னு ஒரு நிமிஷம் பாருங்க மக்களே!