பெயர் சொல்ல அஞ்சும் நோய்

புற்றுநோய் கண்ட ஒருவர் இருக்கும் வீட்டில் அந்தச் சொல் மட்டும் காதில் விழாது. 'கட்டி' என்பார்கள், 'அந்த வியாதி' என்பார்கள், 'பெரிய நோய்' என்பார்கள். இந்த அச்சம் நம்மவர்களுக்கு மட்டுமே உரியது அன்று. அதன் வரலாறு நீண்டது.

பண்டைய கிரேக்கத்தில், ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் இந்நோயைக் 'கார்கினோஸ்' என்றன. நண்டு என்று பொருள். ரோமானியர் லத்தீனில் சொன்ன 'கேன்சர்' என்பதும் நண்டுதான். மார்பகக் கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப்போல் தெரிந்தன என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் விளக்கம் தந்தார். அதே கேலன், உடலில் கரும்பித்தம் மிகுவதே நோய்க்குக் காரணம் என்றும் சொல்லி வைத்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பினார்கள். உயிரணுவிலிருந்தே உயிரணு தோன்றுகிறது என்று ஜெர்மனியின் ருடோல்ஃப் விர்ச்சோவ் 1850களில் வலியுறுத்திய பிறகுதான், இது உடலின் சொந்த அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதால் வருவது என்ற தெளிவு வலுப்பட்டது.

தமிழர் கண்ணுக்குத் தெரிந்தது கறையான் புற்று. மேலே சிறு மேடு, உள்ளே கிளை கிளையாக வழிகள். நல்ல உவமைதான். ஆனால் உவமையை மருத்துவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று பயந்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. தள்ளிப்போடும் மாதங்களில் நோய் வளர்வதுதான் பெரிய ஆபத்து.

மலாய்மொழியின் 'பாரா' என்ற சொல் சதைக்குள் சீழ் வைக்கும் வீக்கத்தையும் குறிக்கும். சீனர்களின் கதை இன்னும் சுவையானது. இந்நோய்க்குரிய சீன எழுத்துக்குள் பாறையைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. முன்பு அதை 'யென்' என்று உச்சரித்தார்கள். அழற்சிக்கும் அதே ஒலி. இரைப்பைப் புற்றுநோயா, வெறும் இரைப்பை அழற்சியா என்று காதால் கேட்டுப் பிரித்தறிய முடியாது. ஆகவே கடந்த நூற்றாண்டில் மாண்டரினில் புற்றுநோய்க்கு மட்டும் 'ஐ' என்ற ஒலியை நிலைநிறுத்தினார்கள். குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒரு சொல்லின் உச்சரிப்பையே மாற்றினார்கள்!

மருத்துவர்களும் ஒரு காலத்தில் மறைத்தவர்கள்தாம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1961இல் வந்த ஓர் ஆய்வில், 90 விழுக்காட்டு மருத்துவர்கள் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமலிருப்பதையே விரும்பினர். அதே கேள்விகளை வேறொரு மருத்துவமனையில் கேட்டு 1979இல் வெளியிட்டபோது, 97 விழுக்காட்டினர் சொல்லிவிடுவதே முறை என்றனர். இடையில் சிகிச்சைகள் பெருகியிருந்தன. நோயாளியின் சம்மதமும் ஒத்துழைப்பும் இல்லாமல் அவற்றைத் தர முடியாது.

நம் குடும்பங்கள் பல இன்னும் 1961இல்தான் நிற்கின்றன. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்" என்று பிள்ளைகள் மருத்துவரைத் தனியே பிடித்துக் கெஞ்சுகிறார்கள். அன்பினால்தான். ஆனால் அப்பாவைக் கூட்டிப்போகும் பிரிவின் வாசலில் 'ரேடியோதெராப்பி டான் ஓன்கோலோகி' என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கிறது. அப்பா அதை முதல் நாளே படித்துவிட்டு, பிள்ளைகள் மனம் நோகுமே என்று தெரியாதவர்போல் உட்கார்ந்திருக்கிறார்.