அழிந்த காட்சிகளும் அழியாத நினைவும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கல்வெட்டுகளும் நம் நினைவிற்கு வருகின்றன. மாலை வேளையில் மக்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கண்டு களித்த நிகழ்ச்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என எண்ணுவோர் சிலரே. பொழுதுபோக்குத்தானே என்று அவற்றைப் புறந்தள்ளுதல் எளிது. அவ்வாறு புறந்தள்ளியதனால் ஒரு பெரிய நிறுவனம் தன் கைப்பொருளை இழந்ததும், இழந்ததில் ஒரு பகுதியை எளிய இரசிகர்கள் காத்துக் கொடுத்ததும் இங்கிலாந்து நாட்டில் நடந்த உண்மைகள். ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றி அதன் சுவைஞர்கள் தமக்குள் நிகழ்த்திய உரையாடல், நாளடைவில் ஓர் ஆவணக் காப்புப் பணியாகவே வளர்ந்தது. வரலாறு பயில்வோர்க்கு அதில் பாடம் உண்டு.

தொடரின் தோற்றம்

1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், சனிக்கிழமை மாலை, பி.பி.சி. தொலைக்காட்சியில் இத்தொடரின் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே அத்துயரில் ஆழ்ந்திருந்த வேளை அது. ஆகவே அடுத்த வாரம் முதற்பகுதியை மீண்டும் காட்டிய பின்னரே இரண்டாம் பகுதியைக் காட்டினர். தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம் பெண்மணி. முதற்கதையை இயக்கியவர், இந்தியாவின் லக்னோ நகரில் பிறந்த வாரிஸ் உசேன்.

காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ஊர்தி ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் அது இலண்டன் தெருக்களில் அக்காலத்தில் நின்ற நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி. உள்ளே நுழைந்தாலோ பரந்த கூடம். அதனைச் செலுத்துபவர் ‘டாக்டர்’ என்று மட்டுமே அழைக்கப்படுபவர். அப்பாத்திரத்தை முதலில் ஏற்றவர் வில்லியம் ஹார்ட்னெல். உடல்நலம் குன்றிய அவர் 1966ஆம் ஆண்டு அக்டோபரில் விலகியபோது, தொடரை நிறுத்திவிடாமல், டாக்டரின் உடலே புதிதாக உருமாறுவதாகக் கதையை அமைத்தனர். பாட்ரிக் டிரௌட்டன் இரண்டாம் டாக்டரானார். முகமும் குரலும் இயல்பும் மாறிய பின்னும் ஒருவர் அவரே ஆவாரா என்னும் வினா இதனால் எழுந்தது. சுவைஞர்கள் சலியாது விவாதிப்பதற்கு இவ்வொரு வினாவே போதுமானதாயிற்று.

அழிக்கப்பட்ட கதைகள்

அந்நாளில் ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பிய பின்னர் அந்நாடாவை அழித்து வேறொன்றைப் பதிவு செய்வதே வழக்கம். நடிகர்களுடன் செய்துகொண்ட உடன்பாடுகள் மறு ஒளிபரப்பிற்கு வரம்பிட்டன. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைக் காட்சிகளை விலை கொடுத்து வாங்குவோரும் அருகினர். வீட்டில் வைத்துப் பார்க்கும் நாடாக்களுக்கு ஒரு சந்தை பிறக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. எனவே டாக்டரின் பழைய கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கப்பட்டன.

அயல்நாடுகளுக்கு விற்பதற்காக அக்கதைகளைப் படச்சுருளில் படியெடுத்து வைத்திருந்தனர். 1963ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சி கண்ட நம் சிங்கப்பூரும், ஹாங்காங்கும், நைஜீரியாவும் இத்தொடரை வாங்கிய நாடுகளுள் அடங்கும். விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும், பி.பி.சி.யின் கையிலிருந்த சுருள்களும் 1970களில் அழிவுக்குள்ளாயின. 1978ஆம் ஆண்டளவில்தான், இயன் லெவைன் முதலிய சுவைஞர்களின் முயற்சியாலும், நிறுவனத்திற்குள்ளேயே தோன்றிய புதிய காப்பக முறையாலும் இவ்வழிப்பு நின்றது. 1960களில் ஒளிபரப்பான 253 பகுதிகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை அதற்குள் கைவிட்டுப் போயிருந்தன. சுவடிகள் செல்லரித்துப் போன கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணவர்க்கு இவ்வருத்தம் எளிதில் விளங்கும். ஆனால் இங்கே அழித்தது கறையான் அன்று, அலுவலக ஒழுங்குமுறையே.

ஒலியைக் காத்த இளைஞர்கள்

காட்சியை வீட்டில் பதிவு செய்ய இயலாத காலம் அது. ஆயினும் ஒலிநாடாக் கருவி சில வீடுகளில் இருந்தது. தாம் விரும்பிய கதையை மீண்டும் கேட்க வேண்டும் என்னும் ஆவலால், இளைஞர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தனர். அறையில் எழும் சிற்றொலியும் அதில் புகுந்துவிடும் ஆதலால், கிரகாம் ஸ்டிராங் என்னும் இளைஞர் பெட்டியினுள்ளேயே கம்பியை இணைத்துத் தெளிவான ஒலியைப் பெற்றார். ஒருவர்க்கொருவர் அறியாமல் பலரும் செய்த இப்பணியின் பயன் வியத்தற்குரியது. காட்சி அழிந்த பகுதிகளுள் ஒலி கிடைக்காத பகுதி ஒன்றுகூட இல்லை.

ஜான் கியூரா என்னும் புகைப்படக் கலைஞரும் இங்கு நினைவுகூரத் தக்கவர். ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிகளைத் திரையிலிருந்தே படம் பிடித்து, அவற்றில் பணியாற்றியோர்க்கு விற்பது அவர் தொழில். வயிற்றுப்பாட்டிற்காக அவர் எடுத்த சிறு படங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகளாய் விளங்குகின்றன. ஆறு பகுதிகளும் அழிந்துபோன ‘டாலெக்குகளின் ஆற்றல்’ என்னும் கதை, முதல் ஒளிபரப்பு நிகழ்ந்து ஐம்பது ஆண்டு நிறைந்த 2016ஆம் ஆண்டில் கேலிச்சித்திரப் படமாக உயிர்பெற்று வந்தது. அதற்குக் குரலாய் அமைந்தது, சுவைஞர்கள் காத்த ஒலிப்பதிவே.

விவாதமும் தீர்ப்பும்

1972ஆம் ஆண்டில் மால்கம் ஹல்க், டெரன்ஸ் டிக்ஸ் ஆகிய இருவரும் தொடர் உருவான வகையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டனர். 1973 முதல் பழைய கதைகள் சிறு நாவல்களாக வரிசையாய் வெளிவந்தன. கண்ணால் காண முடியாத கதைகளை ஓர் இளந்தலைமுறை படித்தே அறிந்தது. 1976ஆம் ஆண்டில் சுவைஞர் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் இதழ்களில் கதைகளும் பாத்திரங்களும் அலசி ஆராயப்பட்டன.

அவ்வாண்டிலேயே கடுமையான ஒரு விவாதம் எழுந்தது. ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ‘கொடிய கொலைஞன்’ என்னும் கதை, டாக்டரின் சொந்த இனத்தாரை மூப்பும் சூழ்ச்சியும் மிகுந்த அரசியல்வாதிகளாகக் காட்டியது. 1969ஆம் ஆண்டில் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது அவ்வினத்தார் அஞ்சத்தக்க பேராற்றல் உடையோராய்க் காட்சியளித்தவர்கள். முன்னுக்குப் பின் முரணாயிற்றே என்று சங்கத் தலைவர் ஜான் வின்சென்ட்-ரட்ஸ்கி கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆனால் அதே கதை பிற்காலத்தில் சிறந்த கதைகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. பின்வந்த எழுத்தாளர் பலர் அதன்மீதே தம் கதைகளைக் கட்டினர். தலைவரின் வாதத்தில் ஆழ்ந்த பற்று இருந்தது, சான்றும் இருந்தது. ஆயினும் காலம் வேறு தீர்ப்பு எழுதிவிட்டது.

மீண்டு வந்த இரு கதைகள்

இந்த வரலாற்றின் உயிர்நிலை, மீண்டு வந்த இரு கதைகளில் அடங்கியுள்ளது. 1967ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்பான ‘சைபர்மேன்களின் கல்லறை’ நான்கு பகுதிகளும் அழிந்த கதை. அதனை இளமையில் கண்டவர்கள், அதற்கு நிகரான கதை பிறிதில்லை என்றனர். பனிபடர்ந்த அறைகளைக் கிழித்துக்கொண்டு இயந்திர மனிதர் எழுந்துவரும் காட்சியை அவர்கள் விவரிக்கக் கேட்ட இளையோர், காணாமலே அதனைப் போற்றினர். 1991ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கில் கிடைத்தன. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த நாடாவைப் பலரும் ஆவலோடு வாங்கிப் பார்த்தனர்.

பார்த்தவர்கள் இரு கூறாயினர். தந்தையை இழந்த விக்டோரியா என்னும் பெண்ணிடம், மறைந்தவர்களின் நினைவைப் பற்றி டாக்டர் மெல்லப் பேசும் காட்சி அனைவரையும் உருக்கியது. ஆனால் ஒரு காட்சியில் நடிகரைத் தூக்கிய கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. டோபர்மேன் என்னும் கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் வாய்திறவாத ஏவலாளாகக் காட்டிய முறையும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பழைய சுவைஞர்களின் நினைவு பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையும் அன்று.

‘உலகின் பகைவன்’ என்னும் கதையின் ஊழோ இதற்கு நேர்மாறானது. 1967 டிசம்பரிலும் 1968 ஜனவரியிலும் ஒளிபரப்பான அதன் ஆறு பகுதிகளுள் மூன்றாம் பகுதி மட்டுமே எஞ்சியிருந்தது. அதில் ஓட்டமும் பரபரப்பும் குறைவு. ஆகவே கதை முழுவதுமே சுவையற்றது என்று பலர் முடிவு கட்டியிருந்தனர். 2013ஆம் ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிலிப் மோரிஸ் என்பார் ஆறு பகுதிகளையும் கண்டெடுத்த செய்தி வெளியாயிற்று. ‘அச்ச வலை’ என்னும் மற்றொரு கதையின் ஒரு பகுதி நீங்கலாக ஏனையவும் உடன் கிடைத்தன. முழுக் கதையைக் கண்டவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். டாக்டராகவும் கொடுங்கோலனாகவும் டிரௌட்டன் ஏற்ற இரட்டை வேடம் அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.

அக்கதையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. மேலுலகம் அணுப்போரால் அழிந்துவிட்டதென்று நம்பவைக்கப்பட்ட மக்கள் நிலத்தடியில் வாழ்கின்றனர். உணவுப் பெட்டியில் ஒட்டிவந்த ஒரு செய்தித்தாள் துண்டு அப்பொய்யைத் தகர்க்கிறது. ஆவணத்தின் ஆற்றலைக் கூறும் கதையே ஆவணம் இன்றிப் பழிக்கப்பட்டிருந்தது எண்ணத்தக்கது.

முடிவுரை

கிடைத்த ஒரு பகுதியைக் கொண்டு கிடைக்காத முழுமையை அளப்பது தவறு. முதியோர் நினைவைப் போற்ற வேண்டும். அதனைச் சான்றோடு ஒப்பிடவும் வேண்டும். 2013ஆம் ஆண்டின் இறுதியில் 97 பகுதிகள் கிடைக்காமலே இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் புகழும் பழியும் இன்னும் தீர்ப்பு ஆகா, அவை வழக்குரைகளே.

எது போற்றுதற்குரியது என்பதை ஒரு தலைமுறை தானே முடிவு செய்துவிட இயலாது என்பதும் இங்குத் தெளிவாகின்றது. அலுவலகம் வேண்டாமென்று அழித்ததைச் சிறுவர்கள் வேண்டுமென்று காத்தனர். அவர்களிடம் பதவியோ பொருளோ இருக்கவில்லை. ஆழ்ந்த ஈடுபாடு ஒன்றே இருந்தது. நம் வீட்டு அலமாரிகளிலும் பள்ளிக் கிடங்குகளிலும் பழைய ஒலிநாடாக்களும் மலர்களும் நாடகப் படிகளும் உறங்கிக்கொண்டிருக்கலாம். இடத்தை அடைக்கிறதென்று அவற்றை எறியுமுன், ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்களாக.