குட்டையான ஸ்டெம்

மலைச் சைக்கிளில் ஹேண்டில்பாரை முன் ஃபோர்க்கின் தண்டோடு பிணைக்கும் சிறு துண்டு ஸ்டெம். அதன் நீளம் 1990களின் தொடக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

மலைச் சைக்கிளின் தொடக்க நாட்களில், கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1976இல் தொடங்கிய ரீபேக் மலையிறக்கப் பந்தயத்தில் ஓடியவை பழைய ஷ்வின் வகைத் தடித்த டயர் சைக்கிள்கள். இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி அடைத்தாக வேண்டும். பந்தயத்தின் பெயரே அதிலிருந்து வந்தது.

மலைச் சைக்கிள் தொழிற்சாலைப் பண்டமானபின், சாலைப் பந்தயச் சைக்கிளின் உடலமைப்பு அதற்குள் புகுந்தது. 1990களின் தொடக்கத்தில் 120 முதல் 150 மி.மீ. ஸ்டெம், 580 மி.மீ.க்கும் குறுகிய ஹேண்டில்பார் சாதாரணம். ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காமல் எடையை முன்னே தள்ள இது உதவியது. இறக்கத்திலோ ஓட்டுநரின் உடல் முன்சக்கரத்தின் மேலேயே தொங்கியது. ஒரு கல் தடுத்தாலும் குப்புற விழ வேண்டியதுதான்.

ஸ்டெமை மட்டும் வெட்டினால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். ஆகவே சட்டகம் நீள வேண்டியிருந்தது. சைக்கிள் வடிவமைப்பாளர் கேரி ஃபிஷரின் ஜெனிசிஸ் வடிவமைப்பு 1990களின் இறுதியில் மேல்குழாயை நீட்டி ஸ்டெமைக் குறைத்தது. ஸ்பெயினின் மொண்ட்ராக்கர் நிறுவனம் பின்னர் ஸ்டெமை 10 மி.மீ. வரை குறைக்கத் துணிந்தது, அது மிகைதான்.

இன்று கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்களில் 35 முதல் 50 மி.மீ. ஸ்டெமும், 760 முதல் 800 மி.மீ. ஹேண்டில்பாரும் வழக்கம். கிராஸ்-கன்ட்ரி பந்தயச் சைக்கிள்களில் மட்டும் 60 முதல் 80 மி.மீ. நீடிக்கிறது.